மறு: ‘பூட் கீ’க்கு என்ன தமிழ்? – ‘முன்வேளை விசை’ என் பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியை இயக்கியதும், விண்டோஸ் வருவதற்கு முன், அதன் அடிப்படை அமைப்புகளுக்குள் போகத் தட்டுகிற எஃப்2 போன்ற விசைதான் ‘பூட் கீ’. அதற்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை: தொடக்கக் குறுக்குவழி, துவக்க விசை, இடைமறிப்பு விசை, எழுவேளை விசை. நான்கையும் தண்டையார்பேட்டையில் என் கடை மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கணினி பழுது பார்க்கிறவனுக்குச் சொல்லின் அழகு இரண்டாம்பட்சம். கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு அந்தச் சொல் கைகொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில், விசைக்கு முன்னால் அந்த நேரத்துக்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும் என்பது என் கட்சி.

கோளாறையே முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “அண்ணா, எஃப்2 தட்டிக்கினே கீறேன், இன்னா பண்ணாலும் நேரா விண்டோசுக்குப் பூடுது.” கையில் புதுக் கீபோர்டுப் பெட்டி வேறு, பாரிமுனையில் வாங்கியிருப்பார். பழைய கீபோர்டில் ஒரு குறையும் இருக்காது. விண்டோஸ் வந்த பிறகு பக்கம் பக்கமாக அதில்தான் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். அப்புறம் ஏன் தொடக்கத்தில் மட்டும் எடுக்கவில்லை?

சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடுவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான நிலைபொருள் (ஃபர்ம்வேர்). பழைய இயந்திரமென்றால் பயாஸ், இன்றையதென்றால் யூஇஎஃப்ஐ. அது நினைவகம், திரை, விசைப்பலகை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு நம் விசைக்காகக் கொஞ்சம் காத்திருக்கும். பிறகு ஏற்றியிடம் (பூட்லோடர்) பொறுப்பைக் கொடுக்கும்; ஏற்றி விண்டோஸ் போன்ற இயங்குதளத்தைக் கொண்டுவரும். இயங்குதளம் வந்ததும் நிலைபொருளின் யூஎஸ்பி இயக்கி (டிரைவர்) விலகிக்கொள்ளும், இயங்குதளம் தன் சொந்த இயக்கியைப் போட்டுக்கொள்ளும். ஆக, ஒரே கீபோர்டு, ஒரே எஃப்2, ஆனால் கேட்கிற ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். நிலைபொருள் கேட்கும் பொழுது தாண்டிவிட்டால், எவ்வளவு தட்டினாலும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிய பிறகு ஹாரன் அடிக்கிற கதைதான்.

அந்தப் பொழுது எவ்வளவு சுருங்கிவிட்டது தெரியுமா? 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அதை உருவாக்கியவர்களே சொன்ன கணக்கு, எஸ்எஸ்டி என்ற வேக வட்டு உள்ள கணினிகளில் எஃப்2, எஃப்8 போன்றவற்றைக் கவனிக்கக் கிடைக்கும் நேரம் 200 மில்லிநொடிக்கும் குறைவு. மனிதக் கைக்கு அது போதாது. அதனால்தான் கோளாறு பார்க்க உதவும் சேஃப் மோடுக்குப் போகும் எஃப்8 வழி இயல்பாகவே அடைக்கப்பட்டது. அதற்கு முன்னால் பயாஸ் காலத்தில் தட்டிய விசைகள் 15 வரை வரிசையில் நிற்கும், நிறைந்தால் ‘பீப்’ அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே விசை போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துவிடும். இப்போது அந்த ஆறுதலும் இல்லை.

இனி நண்பர்கள் சொன்ன சொற்களுக்கு வருகிறேன்.

> தொடக்கக் குறுக்குவழி என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

குறுக்குவழி என்றால் நேர்வழி ஒன்று இருக்க வேண்டும். சேமிக்க கண்ட்ரோல்-எஸ் அடிக்கிறோம். அது தெரியாதவர் பட்டியலைத் திறந்து சேமிக்கலாம். எஃப்2வுக்கு நெடுநாள் அப்படி வேறு பாதையே கிடையாது, வாசலே அதுதான். இன்று விண்டோசில் செட்டிங்ஸ், ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப் என்று போய் அங்கிருந்து நிலைபொருளுக்குள் நுழைய முடிகிறது. அதுவும் இயங்குதளம் உயிரோடு இருந்தால்தான்.

> துவக்க விசை: சின்னது, நல்ல தமிழ்.

சின்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடையில் “துவக்க விசையை அழுத்துங்கள்” என்று ஒருவரிடம் சொன்னதும் அவர் பவர் பட்டனை அழுத்தினார். அவர்மேல் தப்பில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. 2020இல் வந்த எம்1 தொடங்கி ஆப்பிளின் புதுக் கணினிகளில் மீட்பு நிலைக்குப் போக பவர் பட்டனையேதான் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், பழைய கமாண்ட்-ஆர் அங்கே எடுபடாது. இரண்டும் துவக்க விசை என்றால் கையேடு எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்.

> இடைமறிப்பு விசை என்பதே செயலைச் சரியாகச் சொல்கிறது.

இதற்கு ஆதரவாக நானே ஒன்று தருகிறேன். லெனோவாவின் திங்க்பேட் மடிக்கணினிகளில் தொடக்கத்தை நிறுத்த எண்டரை அழுத்து என்றுதான் திரையில் வரும். பொருள் பொருந்துகிறது. ஆனால் வன்பொருள் பாடத்தில் குறுக்கீடு (இன்டரப்ட்) என்ற சொல் வேறு வேலைக்கு ஏற்கெனவே போய்விட்டது; பக்கத்திலேயே இடைமறிப்பு வந்தால் மாணவர் குழம்புவார். வாயில் சொல்லிப் பாருங்கள், நீளமாகவும் இருக்கிறது.

எழுவேளை விசை எனக்குப் பிடித்தது. வினைத்தொகை, காதுக்கும் இதம். தள்ளுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. விண்டோசின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் கருவை (கெர்னல்) வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழுகிறது. முழுத் தொடக்கம் நடப்பது ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான். மக்கள் நினைப்பதற்கு நேர் எதிர் இது, ஆனால் உண்மை. இதோடு, அவசரத்துக்காக யூஎஸ்பி சோதனையையே தாண்டிப் போகும் ‘ஃபாஸ்ட் பூட்’ அமைப்பு நிலைபொருளிலும் இருந்தால் கீபோர்டு அந்தப் பொழுதில் இல்லாத பொருள்தான். ஆக, ‘உறங்கி எழுவது’ வேறு, ‘புதிதாகத் தொடங்குவது’ வேறு என்று வாடிக்கையாளருக்கு விளக்கவேண்டிய இடத்தில், எழுவேளை என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

என் பரிந்துரை: நிலைபொருளும் ஏற்றியும் விசைக்காகக் கவனிக்கும் அந்தப் பொழுது ‘முன்வேளை’, அப்போது மட்டும் பலிக்கும் விசை ‘முன்வேளை விசை’. வேளை என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். சாப்பாட்டு வேளை, மருந்து வேளை என்று வீட்டிலேயே புழங்குகிறது.

சொல் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க இரண்டு நிறுவனங்களின் அமைப்பு வரிகளை எடுத்தேன். டெல் கணினிகளின் நிலைபொருளில் தொடக்கச் சோதனையை 5 அல்லது 10 நொடி நீட்டிக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கிறது. எச்பியில் ‘போஸ்ட் ஹாட்கீ டிலே’ என்று இதற்கு ஒரு வரி. இரண்டையும் ‘முன்வேளை நீட்டிப்பு’ என்று எழுதிவிடலாம். துவக்க விசையையோ இடைமறிப்பு விசையையோ வைத்துக்கொண்டு இதை மொழிபெயர்த்துப் பாருங்கள், வாக்கியம் கையை விட்டு நழுவும்.

பழுது பார்க்கும் முறையும் இந்தச் சொல்லோடு ஒட்டி வருகிறது. முதலில் கேட்க வேண்டியது, முன்வேளையில் கீபோர்டுக்கு உயிர் இருக்கிறதா? பவர் போட்டு, நிறுவனச் சின்னம் தெரியும்போது நம்லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் கீபோர்டு கேட்கப்படுகிறது; நீங்கள் தட்டும் விசைதான் தவறு, அல்லது தாமதம். டெல்லுக்கு எஃப்2 (அமைப்புகளுக்கு), எஃப்12 (எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியலுக்கு). எச்பிக்கு எஸ்கேப் தட்டி அதன்பின் எஃப்10 அல்லது எஃப்9. பல மதர்போர்டுகளுக்கு டெலிட். ஏசரின் பல மாடல்களில் எஃப்12 பட்டியல் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும், முதலில் எஃப்2வில் உள்ளே போய் அதை இயக்க வேண்டும். சில மடிக்கணினிகளில் எஃப்2 என்பது ஒலி, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசையாக வேலை செய்யும், எஃப்என்னோடு சேர்த்துத் தட்ட வேண்டும். லெனோவாவின் ஐடியாபேட் பலவற்றில் விசையே வேண்டாம், ஓரத்தில் குண்டூசி நுழையும் துளை ஒன்று இருக்கும். உபுண்டு லினக்ஸ்காரர்கள் கவனிக்க: ஏற்றியின் பட்டியல் வர, பழைய பயாசில் ஷிஃப்டைப் பிடித்திருக்க வேண்டும், யூஇஎஃப்ஐயில் எஸ்கேப் தட்ட வேண்டும். அதையும் அளவோடு தட்டுங்கள், ஆர்வத்தில் கூடுதலாகத் தட்டினால் பட்டியலைத் தாண்டி வெறும் கட்டளை வரியில் போய் நிற்பீர்கள்.

நம்லாக் விளக்கு அசையவே இல்லையென்றால் கீபோர்டைச் செருகிய யூஎஸ்பித் துளையை மாற்றுங்கள். புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் முன்வேளையில் செத்ததற்குச் சமம்; குட்டி டாங்கிளோடு வரும் கம்பியில்லாக் கீபோர்டு பிழைத்துக்கொள்ளும், கணினிக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டுதான். பழைய போர்டுகளில் நீலநிறத் துளையை விட்டுக் கறுப்புத் துளையில், அதுவும் பின்பக்கத்தில், செருகிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. காசிமேட்டிலிருந்து வரும் டெஸ்க்டாப்புகளில் முன்பக்க யூஎஸ்பித் துளைக்குள் டார்ச் அடித்தால் தகடுகளின் மேல் பச்சைப் பூத்திருக்கும், உப்புக்காற்றின் கைவேலை. இப்படிப்பட்ட தொடர்பை விண்டோஸ் திரும்பத் திரும்ப முயன்று பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், நிலைபொருள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. வாடிக்கையாளரோ “விண்டோசில் வேலை செய்யுதே” என்று சத்தியம் பண்ணுவார். அவர் சொல்வதும் சரி, முன்வேளையில் கீபோர்டு இல்லை என்று நான் சொல்வதும் சரி.

இத்தனைக்கும் அப்புறம் நான் பில்லில் எழுத நினைப்பது இரண்டு சொல்: ‘முன்வேளை தவறுகிறது’, அல்லது ‘முன்வேளையில் விசைப்பலகை இல்லை’. முதலாவதற்குப் புதுக் கீபோர்டு வாங்குவது தண்டச் செலவு.

குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

– தண்டையார்பேட்டையிலிருந்து

*

மறு: மறு: ‘பூட் கீ’க்கு என்ன தமிழ்?

ஐயா, விளக்கம் நன்று. ஒரே ஓர் ஐயம். ‘முன்’ என்றால் ‘முன்னொரு காலத்தில்’ என்ற பொருளும் வருமே. ‘முன்வேளை’ என்பதை ‘கடந்துபோன வேளை’ என்று மாணவர் எடுத்துக்கொண்டால்? அதோடு, எதற்கு முன் என்பதும் சொல்லில் இல்லை. ‘தளமுன்வேளை’ என்றால் திருத்தமாக இருக்காதா? தமிழாசிரியன் என்பதால் கேட்கிறேன், தொழில்நுட்பம் எனக்குத் தூரம்.

– திருவொற்றியூரிலிருந்து

*

மறு: மறு: மறு: ‘பூட் கீ’க்கு என்ன தமிழ்?

வணக்கம் ஐயா. முன்பனி, முன்னிரவு இரண்டிலும் ‘முன்’ என்பது ஒரு காலத்தின் முதற்பகுதியைத்தானே சொல்கிறது? கணினி ஓடும் காலத்தின் முதற்பகுதி என்று கொண்டால் முன்வேளை அந்த வரிசையில் உட்கார்ந்துவிடும். பள்ளியில் முன்பனிக்காலம் படித்த பிள்ளைக்கு இது உறுத்தாது என்று நம்புகிறேன்.

‘தளமுன்வேளை’ திருத்தமானதுதான், ஆனால் கடைப் பையன் வாயில் நுழையாது. அவன் இப்போது சொல்வது “அந்த கேப்புல தட்டு”. அவனை அங்கிருந்து நகர்த்த வேண்டுமென்றால் மூன்று அசைக்கு மேல் போகக் கூடாது என்பது என் கணிப்பு. வேண்டுமானால் சொற்பட்டியலில் விளக்க வரியில் ‘இயங்குதளம் ஏறுவதற்கு முன்’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டியலைத் தொகுக்கும் நண்பருக்கு, பதிவு இப்படி இருக்கட்டும்:

முன்வேளை – கணினி இயக்கப்பட்டபின், இயங்குதளம் ஏறுவதற்கு முன், நிலைபொருளோ ஏற்றியோ விசைகளைக் கவனிக்கும் பொழுது.

முன்வேளை விசை – அந்தப் பொழுதில் மட்டும் பலிக்கும் விசை அல்லது விசைச் சேர்க்கை. பவர் பட்டன் இதில் சேராது.

ஆப்பிளின் புது மாடல்களை இரண்டாவது பதிவில் நுழைக்க வேண்டாம். அதற்குத் தனி வரி போட வேண்டும். சொல் யாருக்காவது தோன்றினால் புது இழை தொடங்குங்கள்.