கப்பல் பஃபேயில் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். ஒரே கட்டணத்தில் வேண்டிய அளவு எடுத்துச் சாப்பிடும் அந்த உணவகத்தை, கப்பல் மாதிரி இருந்ததால் கப்பல் பஃபே என்றுதான் இங்கே சொல்கிறேன். அது இருந்த கட்டடத்தின் வாசலில் ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்குகிறது. கூரையில் பாய்மரம் மட்டும் இன்னும் நிற்கிறது. பாய்த்துணி கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அங்கே சாப்பிட்டவர்களும் வேலை பார்த்தவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கடையின் பெயரையோ உரிமையாளர்களின் பெயரையோ யாரும் போட வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நானே தொடங்குகிறேன். முதல் முறை போனபோது எனக்கு ஏழு வயது. உள்ளே மரப்பலகைத் தளம், நடுவில் கயிறு சுற்றிய கொடிமரம், சுவர் முழுக்க வட்ட ஜன்னல்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது வரைந்த கடல்தான். ஆனால் அதன்மேல் ஒரு விளக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே ஆடுவது போலத் தோன்றும்.

கொடிமரத்தில் ஒரு பித்தளை மணி. சமையற்கட்டிலிருந்து சூடாக எது வந்தாலும், கொண்டு வருபவர் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு அது என்ன என்று உரக்கச் சொல்வார். பக்கத்தில் ஏதாவது பிள்ளை நின்றால் தூக்கி அடிக்க விடுவார். அன்று நான் அடித்தேன். பல கைகள் பட்டுக் கயிற்றின் நுனி கறுத்து, மெழுகு தடவியது போல வழவழவென்று இருந்தது. இப்போதும் விரலில் நினைவிருக்கிறது.

மக்களின் ரசனை மாறிவிட்டது, அதனால்தான் கடை படுத்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு தடவை கை மாறியது. வாங்கியவர்கள் யாருக்கும் தாங்கள் எதை வாங்கினோம் என்று தெரியவில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

*

இரண்டு பையன்களின் அம்மா

வாசலில் உயரம் அளக்க நங்கூரம் மாதிரி ஒரு கம்பம் இருந்ததே, அதைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். கடையைத் தொடங்கியவர்கள் ஒரு கணவன் மனைவி. அந்த அம்மாவே பல நாள் வாசலில் நிற்பார். பெரியவனை ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் கம்பத்தில் நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் அவன் பெயரின் முதல் எழுத்தையும் ஆண்டையும் எழுதுவார். எங்கள் பிள்ளைக்கு மட்டும் இல்லை, வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும். கம்பம் முழுக்கக் கோடுகள்தான்.

மூன்றாவது ஆள் வாங்கிய பிறகு ஒரு நாள் சின்னவனோடு போனேன். கம்பத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். சிவப்புக் கோடு பழைய இடத்திலிருந்து இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. போன மாதம் கோட்டுக்குக் கீழே நின்றவன் அன்று மேலே நின்றான். முழுக் கட்டணம். சரி, அது போகட்டும், கொடுத்துவிட்டேன். ஆனால் பெரியவனுடைய கோடுகள்? பெயின்டின் மேல் நகத்தால் தடவினால் பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் தட்டுப்பட்டது. வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் நகர்ந்துவிட்டேன். அன்று என்ன சாப்பிட்டோம் என்று ஒன்றும் நினைவில்லை.

*

சமையற்கட்டில் ஏழு ஆண்டுகள் இருந்தவன்

மணியைப் பற்றி எழுதியதற்கு நன்றி தம்பி. உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதல் முதலாளி காலத்தில் எதையும் அரைத் தட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. ஆழம் குறைந்த தட்டு. கால் மணி நேரத்தில் காலியாகிவிடும், உடனே அடுத்தது போகும். அதனால்தான் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்களுக்கு முதுகு ஒடியும், ஆனால் வைத்த உணவு எதுவும் பழசாக நேரமே இருக்காது. குப்பைக்குப் போவதும் குறைவு. பஃபேயில் நஷ்டம் வருவது அதிகம் சாப்பிடும் வாடிக்கையாளரால் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒருவர் நிறையச் சாப்பிட்டால் இன்னொருவர் கொஞ்சமாகச் சாப்பிடுவார், கணக்கு சரியாகிவிடும். இரவில் கொட்டுகிற மிச்சம்தான் கடையைத் தின்னும்.

இரண்டாவதாக வந்தவர்கள் பல உணவகங்களை வைத்திருந்த ஒரு குழு. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் தேதி தவறாமல் வந்தது. ஆனால் கடன் வாங்கிக் கடையை வாங்கியிருந்தார்கள், மாதா மாதம் வட்டி கட்ட வேண்டும். ஒரு வேளைக்கு ஆறு பேர் இருந்த சமையற்கட்டை நான்கு பேராக்கினார்கள். நான்கு பேரால் கால் மணிக்கு ஒரு தட்டு அனுப்ப முடியாது. ஆழமான பெரிய தட்டுகள் வந்தன. ஒரு தடவை நிரப்பினால் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் கிடக்கும்.

சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க விடக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. அதற்குக் கீழே கிருமிகள் வேகமாகப் பெருகும். நாங்கள் அதை ஒரு நாளும் மீறவில்லை, தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்போம். ஆனால் பாதுகாப்பாக இருப்பது வேறு, ருசியாக இருப்பது வேறு. வெந்நீரின் மேல் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் மேலே தோல் கட்டும், அடி ஒட்டும், காய் சாம்பல் நிறமாகும். கரண்டியால் அந்தத் தோலைக் கிழித்து உள்ளே கலக்கிவிடச் சொன்னார்கள். ஏழு ஆண்டில் எனக்குக் கூச்சமாக இருந்த வேலை அது ஒன்றுதான்.

தட்டு குறைந்ததும் மணியும் குறைந்தது. கூடம் அமைதியாகிவிட்டது என்று மேலே இருந்தவர்களே கவனித்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட வழி, அரை மணிக்கு ஒரு தடவை எது வந்தாலும் வராவிட்டாலும் மணியை அடிப்பது. முதல் நாள் ஒரு பெரியவர் கையில் தட்டோடு வேகமாக வந்தார். கவுண்டரில் அதே பழைய தட்டு. என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, சூப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்தில் மணி அடித்தால் யாரும் தலையைத் திருப்புவதில்லை.

மூன்றாவது ஆள் வந்ததும் மணியின் நாக்கைக் கழற்றச் சொன்னார். மணி அடித்தால் எல்லோரும் இறைச்சிப் பக்கம் போகிறார்களாம். சூப், ரொட்டி, சோறு எல்லாம் வரிசையின் தொடக்கத்துக்கு வந்தன, சாப்பாட்டுத் தட்டு சிறிதானது. அது எல்லா பஃபேயிலும் செய்வதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். மணியின் நாக்கைக் கழற்றியது நான்தான். ஒரே ஒரு திருகாணி.

*

கணக்கு வேலை பார்ப்பவர்

மேலே சொன்ன கடன் விஷயத்தோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கேள்விப்பட்டவரை அந்தக் குழு கட்டடத்தையும் விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்தது. கையில் மொத்தமாகப் பணம் வரும், ஆனால் அதன் பிறகு கூட்டம் இல்லாத மாதத்திலும் வாடகை நிற்காது. இது பெரிய நிறுவனங்களுக்கும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ரெட் லாப்ஸ்டர் உணவகங்களை 2014-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் 210 கோடி டாலருக்கு வாங்கியது. உடனே நிலத்தையும் கட்டடங்களையும் 150 கோடி டாலருக்கு விற்று, அதே இடங்களை வாடகைக்கு எடுத்தது. 2024 மே மாதம் ரெட் லாப்ஸ்டர் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. அளவில்லாமல் இறால் போட்டு அழிந்தார்கள் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். இறாலில் நஷ்டம் உண்மைதான். ஆனால் சொந்த இடமாக இருந்திருந்தால் அந்த நஷ்டத்தைத் தாங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

*

ஒரே ஒரு முறை போனவர்

கடைசி ஆண்டில் மகளோடு போனேன். ஜன்னலுக்குப் பின்னால் விளக்கு சுற்றவில்லை. “கடல் ஏம்ப்பா நின்னுடுச்சு?” என்று கேட்டாள். அடுத்த முறை எங்கே போகலாம் என்று கேட்டபோது அவள் இந்தக் கடையைச் சொல்லவில்லை.

*

கொலராடோவில் இருப்பவர்

இங்கே அமெரிக்காவில், லேக்வுட் நகரத்தில் காசா போனிட்டா என்று ஓர் உணவகம் இருக்கிறது. பஃபே இல்லை, ஆனால் உங்கள் கப்பலின் அக்கா மாதிரி. 1974-ல் திறந்தது. உள்ளேயே 30 அடி அருவி, அதன் பாறையிலிருந்து ஆட்கள் தண்ணீரில் குதிப்பார்கள். மேசையில் ஒரு சின்னக் கொடி இருக்கும், அதை உயர்த்தினால் பரிமாறுபவர் வருவார். மணி என்று படித்ததும் எனக்கு அந்தக் கொடிதான் நினைவுக்கு வந்தது. அதுவும் பல கை மாறி, 2020-ல் மூடி, 2021-ல் திவாலானது. அதே ஆண்டு ‘சவுத் பார்க்’ என்ற கார்ட்டூன் தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கர், மேட் ஸ்டோன் இருவரும் வாங்கினார்கள். இருவரும் கொலராடோவில் வளர்ந்தவர்கள். சமையற்கட்டு, மின்சாரம், அருவி என்று எல்லாவற்றையும் புதிதாக்க 4 கோடி டாலருக்கு மேல் செலவானது. 2023-ல் திறந்தபோது அருவியும் இருந்தது, கொடியும் இருந்தது. அவ்வளவு பணம் எல்லோரிடமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*

தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. பென்சில் கோட்டைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை, அக்கா.

சமையற்கட்டு அண்ணா, அந்த மணி இப்போது எங்கே?

*

சமையற்கட்டில் ஏழு ஆண்டுகள் இருந்தவன்

நாக்கைக் கழற்றிய பிறகு மணி கொஞ்ச நாள் கொடிமரத்தில்தான் தொங்கியது. அப்புறம் அலங்கார விளக்கு மாட்ட அதையும் இறக்கச் சொன்னார்கள். நான் இரண்டையும் ஒரு துணியில் சுற்றி ஸ்டோர் ரூமில் மாவு டின்களுக்குப் பின்னால் வைத்தேன். கட்டடத்தைக் காலி செய்தபோது நான் அங்கே வேலையில் இல்லை. வாடகைப் பலகையில் எண் இருக்கும் இல்லையா? அதைக் குறித்து அனுப்பு தம்பி, நாளைக்குக் காலையில் கூப்பிட்டுக் கேட்கிறேன்.

*

தொடங்கியவர்

அனுப்பிவிட்டேன் அண்ணா. திறந்து காட்டச் சம்மதித்தால் நானும் வருகிறேன்.