உதவித்தொகை விண்ணப்பங்களை ஏஐ வடிகட்டலாமா?

மருதம்:
எங்கள் ஊர் அறக்கட்டளை வருடாவருடம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் சிலருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது. இப்போது விண்ணப்பம் குவிகிறது, உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை. முதல் வடிகட்டலை ஏஐயிடம் விட்டுவிடலாம், பழைய தேர்வுப் பட்டியல்களைக் காட்டிப் பழக்கினால் போதும் என்கிறார்கள் அறங்காவலர்கள். பெயரையும் சாதியையும் நீக்கிவிட்டால் பாரபட்சமே வராது என்கிறார் மென்பொருள்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. போன முறை ஒரு பெண், குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவதால் பாதி வருடம் பள்ளிக்கு வர முடியாது, பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தது அதனால்தான் என்று கடிதம் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தோம். கூட்டத்தில் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

கரிசல்காடு:
2020இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லுங்கள். கொரோனாவால் நம் பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல் தேர்வு நடக்கவில்லை, ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த கிரேடை ஆஃப்குவால் என்ற தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு கணக்கீட்டு முறையில் போட்டுத் திருத்தியது. அந்தப் பள்ளியில் முந்தைய வருடங்களில் என்ன முடிவு வந்தது என்பதுதான் அதற்குப் பெரிய ஆதாரம். ஆக, சுமாரான பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு அவனுக்கு முன்னால் படித்தவர்களின் மதிப்பெண் வந்து விழுந்தது. ஒரு பாடத்தில் ஐந்து பேரோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் ஆசிரியர் கொடுத்ததே நிற்கும், அது தனியார் பள்ளிகளுக்குத்தான் அதிகம் சாதகமானது. கிட்டத்தட்ட 40 சதவீத கிரேடுகள் இறங்கின. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஆகஸ்ட் 13 வெளியான முடிவை 17ஆம் தேதியே கைவிட்டார்கள். அங்கே சேர்ந்து போராட நிறைய மாணவர்கள் இருந்தார்கள். உங்கள் ஊரில் விடுபட்ட ஒரு பெண் யாரிடம் போய்க் கேட்பாள்?

நிரலாளன்:
நான் இதே துறைதான். பெயரை எடுத்தால் போதும் என்பது தவறு. அமேசான் ஆள் தேர்வுக்கு ஒரு கருவி செய்து பார்த்தது, பத்து வருடம் வந்த விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கியது, அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் சங்கம், பெண்கள் கல்லூரி என்று எழுதியிருந்த விண்ணப்பங்களுக்கு அது மதிப்பைக் குறைத்தது என்று 2018இல் ராய்ட்டர்ஸ் எழுதியது, அதற்குள் நிறுவனமே அதைக் கைவிட்டிருந்தது. உங்கள் படிவத்தில் பள்ளியின் பெயர், தெரு, பின்கோடு இருக்கிறதல்லவா, நம் ஊரில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். பழைய பட்டியலில் யாரெல்லாம் விடுபட்டார்களோ அவர்களைப் போன்றவர்களை ஏஐயும் தொடர்ந்து ஒதுக்கும், அதுவும் புள்ளிக்கணக்கோடு, யாரும் சந்தேகப்படாத மாதிரி.

மருதம்:
மிக்க நன்றி. அப்படியானால் ஏஐயே வேண்டாம் என்று சொல்லிவிடவா? வேலை நிஜமாகவே அதிகம்.

நிரலாளன்:
வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வருமானச் சான்றிதழ் இணைத்திருக்கிறதா, வங்கிக் கணக்கு எண் படிவத்திலும் பாஸ்புக்கிலும் ஒன்றாக இருக்கிறதா, விட்டுப்போன தாளைக் கேட்டு மாணவருக்குத் தமிழிலேயே செய்தி அனுப்புவது, இதையெல்லாம் அதனிடம் கொடுங்கள், பாதி வேலை குறையும். யாரையும் கழிப்பதை மட்டும் கொடுக்காதீர்கள். கடிதத்தை மனிதர்தான் படிக்க வேண்டும், கிடைக்காதவருக்குக் காரணத்தை எழுதி, கேள்வி கேட்க ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும் தர வேண்டும். அறங்காவலர்கள் கேட்கும் வடிகட்டலில் பழைய விண்ணப்பங்களை முதலில் போட்டுப் பாருங்கள், அந்தச் சூளைப் பெண்ணுடையதும் சேர்த்து. அவளுடைய விண்ணப்பம் வரிசையில் எங்கே வருகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

கரிசல்காடு:
இன்னொன்று. பிளஸ் டூ பிள்ளைகளில் பலருக்கு 18 வயது ஆகியிருக்காது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வயதினரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. மென்பொருள்காரரிடம் தாள்கள் போவதற்கு முன் அவற்றை எங்கே வைப்பார், வேலை முடிந்ததும் அழிப்பாரா, வேறு எதற்காவது பயன்படுத்துவாரா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.