மிஸ்பா என்ற பெயர் எதற்கு? எபிரெயம் அறிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் 31ஆம் அதிகாரத்தில், கீலேயாத் மலையில் யாக்கோபும் மாமனார் லாபானும் கல் குவித்து எல்லை வகுக்கிறார்கள். லாபான் அரமேயத்தில் ஜெகர்சகதூதா என்கிறான். யாக்கோபு எபிரெயத்தில் கலயெத் என்கிறான். இரண்டுக்கும் பொருள் சாட்சிக் குவியல்தான். பிறகு ஏன் அதே இடத்துக்கு மிஸ்பா, அதாவது காவல் மேடு, என்று மூன்றாவது பெயர்?

அந்தப் பெயரையொட்டி லாபான் சொல்லும் 'கர்த்தர் நடுநின்று கண்காணிக்கட்டும்' என்பது ஒருவரையொருவர் நம்பாத இருவருக்கிடையே எழுந்த எச்சரிக்கை. அதைப் போய்க் காதலர் பதக்கத்தில் பொறிக்கிறார்களே!

நியாயாதிபதிகள் 11இல் இஸ்ரவேலின் தலைவன் யெப்தா வரும் மிஸ்பாவும் இதுதானா? எபிரெயம் அறிந்தவர்கள், யோர்தானுக்குக் கிழக்கே நடந்த அகழாய்வுகளைப் படித்தவர்கள் சற்று விளக்குங்கள். வரும் ஞாயிறு வேதபாட வகுப்பில் இந்தப் பகுதியை நான்தான் எடுக்க வேண்டும்.