கருவேல முள்ளுக்குத் தாங்குமா டியூப்லெஸ்?

கேள்வி:
29 இன்ச் ஹார்டுடெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்), ரிம்மின் உள் அகலம் 25 மி.மீ. விருதுநகர் பக்கம் கண்மாய்க் கரைகளில் ஓட்டுகிறேன், சீமைக்கருவேல முள் ஏறி வாரத்துக்கு இரண்டு பஞ்சர், ஒட்டி ஒட்டியே அலுத்துவிட்டது. உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ்ஸுக்கு மாறலாமா, எந்த டயர்?

பதில் 1:
கண்டிப்பாக மாறுங்கள். முள் குத்திய ஓட்டையை டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் அங்கேயே அடைத்துவிடும், பல நேரம் குத்தியதே தெரியாது. 2.25 இன்ச் அகலம் போதும். மாக்ஸிஸ் ஆர்டென்ட் டயர் வாங்கினால் பக்கவாட்டில் 'டிஆர்' (டியூப்லெஸ் ரெடி) என்று இருக்கிறதா பாருங்கள், அதே பெயரில் டியூபுக்கான மலிவு வகையும் வருகிறது.

பதில் 2:
முதலில் ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா பாருங்கள். ஸ்போக் ஓட்டைகளை மூடும் டேப்பும் தனி வால்வும் வேண்டும். வீட்டுப் பம்பில் எனக்கு டயர் ஓரம் ரிம்மில் உட்காரவே இல்லை, ஒரு மணி நேரம் போராடிவிட்டு அப்புறம் பஞ்சர் கடை கம்ப்ரசரில்தான் 'டப்' என்று ஏறியது. சீலன்ட் சக்கரத்துக்கு 100 மி.லி. ஊற்றுங்கள், நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. எடை 70 கிலோ, காற்று எவ்வளவு?

பதில் 1:
முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். பெரிய முள்ளைப் பிடுங்கினால் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள்.