பார்கோட் ஸ்கேனர் கம்பெனி ஐட்டத்தை எடுக்குது, எங்க சொந்த ஸ்டிக்கரை மட்டும் "ஐட்டம் இல்லை"ங்குது, யாராச்சும் வழி சொல்லுங்க

தேனி மளிகை:
வணக்கம். தேனி பக்கம் மளிகைக் கடை வச்சிருக்கோம். பில்லிங் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, வயர் உள்ள யுஎஸ்பி லேசர் ஸ்கேனர், 3 இஞ்ச் பில் பிரிண்டர். சோப்பு பிஸ்கட் ஷாம்பு எதைக் காட்டினாலும் டக்குனு எடுக்குது. ஆனா நாங்களே பாக்கெட் போடுற பருப்பு, மல்லி, மிளகாய் வத்தல் இதுக்கெல்லாம் சொந்தமா ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டுறோம், கடை பேர் சுருக்கம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல ஜேகே, அதுக்குப் பின்னாடி நாலு நம்பர், ஜேகே1042 அந்த மாதிரி. அதைக் காட்டினா பீப் அடிக்குது, பச்சை லைட்டும் எரியுது, ஆனா பில்லிங்ல "ஐட்டம் இல்லை"ன்னு வந்து கட்டமும் காலியாயிருது. எப்பவும் இப்படி இல்ல, காலையில நல்லா வேலை செய்யும், மத்தியானத்துக்கு மேல மக்கர் பண்ணும், சிஸ்டத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடி சரியாயிருது. சாயங்காலம் கடையில கூட்டம் நிக்கும்போது ரீஸ்டார்ட் போட்டுக்கிட்டு இருக்க முடியுமா சொல்லுங்க. ஸ்கேனர் போச்சா, இல்ல ஸ்டிக்கர் கோளாறா?

கேபிள் தம்பி:
லேசர் வீக் ஆயிருக்கும்ணே. சூடு ஏற ஏற மத்தியானம் படுத்துக்குது. புதுசு வாங்கிருங்க, கேமரா டைப்பா பாத்து வாங்குங்க, கியூஆர் கோடும் எடுக்கும்.

தேனி மளிகை:
வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல தம்பி. அதோட சோப்பு பிஸ்கட்டை மத்தியானமும் நல்லாத்தான் எடுக்குது, சூடுன்னா அதுவும் நிக்கணுமே.

வயர்மேன்65:
ஸ்டிக்கரைப் பாருங்க. எந்த பிரிண்டர்ல அடிக்கிறீங்க? தெர்மல் ஸ்டிக்கர்னா, அதாவது இங்க் இல்லாம சூட்டுலயே அடிக்கிறதுன்னா, வெயில் படுற ரேக்குல வச்சா வெளுத்துரும். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா கொஞ்சம் இடம் விட்டிருக்கணும், ஓரம் வரைக்கும் கோடு ஓடுனா எங்க ஆரம்பிக்குதுன்னே அதுக்குத் தெரியாது. கலர் ஸ்டிக்கர்ல அடிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிர்றேன், ஸ்கேனர் வெளிச்சம் சிவப்பு, அதனால வெள்ளையில சிவப்புக் கோடு அடிச்சா அதோட கண்ணுக்கு எல்லாமே வெள்ளைதான், கறுப்புதான் எப்பவும் நல்லது. இன்னொண்ணு, மேனுவல்ல ஃபேக்டரி ரீசெட்னு, எல்லா செட்டிங்கையும் வாங்கினப்ப இருந்த மாதிரி ஆக்குற ஒரு பார்கோட் இருக்கும், அதை ஒருதடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

பழைய கீபோர்டு:
ரீசெட் இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. சில மாடல்ல ரீசெட் பண்ணா கோடுக்குப் பின்னாடி தானா என்டர் அடிக்கிறதும் சேர்ந்து போயிரும், அப்புறம் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கையால என்டர் தட்டிக்கிட்டு இருக்கணும்.

ஸ்டிக்கர் வெளுத்திருந்தா பீப்பே வராது. இந்த மாதிரி ஸ்டிக்கர்ல பொதுவா கோட் 128 முறையிலதான் அடிப்பாங்க, அதுல கடைசியில ஒரு செக் எண் தானா சேரும், ஸ்கேனர் படிச்சதை எல்லாம் கணக்குப் போட்டு அது ஒத்துவந்தாத்தான் பீப் அடிக்கும். ஆக பீப் அடிச்சுதுன்னா ஸ்கேனர் படிச்சிருச்சு. படிச்சதுக்கு அப்புறம் வழியிலதான் என்னமோ ஆகுது.

ரெண்டு விஷயம் பண்ணுங்க. பிரச்சனை வர்ற நேரத்துல ரீஸ்டார்ட் பண்ணாம நோட்பேடைத் திறந்து அதுல உங்க ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணுங்க, என்ன விழுதுன்னு அப்படியே இங்க போடுங்க. ரெண்டாவது, இது ஆரம்பிச்ச சமயத்துல கம்ப்யூட்டர்ல புதுசா என்ன மாத்துனீங்க?

தேனி மளிகை:
அண்ணே நோட்பேடுல பாத்தா சிரிப்புதான் வருது, ஜேகே1042 காட்டினா பம1042 ன்னு விழுது! ஜேகே2210 காட்டினா பம2210. சோப்புக்கு மட்டும் 890 ன்னு ஆரம்பிச்சு 13 நம்பரும் சரியா வருது. புதுசா மாத்துனதுன்னா, பில்லுல ஐட்டம் பேர் தமிழ்ல வரணும்னு வாடிக்கைக்காரங்க கேக்குறாங்கன்னு தமிழ் டைப்பிங் போட்டோம், தமிழ் 99 ங்கிற கீபோர்டு முறை, தங்கச்சிதான் மத்தியானம் உக்காந்து பேரெல்லாம் தமிழ்ல மாத்திக்கிட்டு இருக்கு. ஆனா அது கீபோர்டுக்குத்தானே, ஸ்கேனருக்கும் அதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?

பழைய கீபோர்டு:
சம்பந்தம் நிறைய இருக்கு. உங்க கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஸ்கேனர்னு தனியா ஒரு சாமானே கிடையாது, அது இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். யுஎஸ்பியில சொருகுனதும் "நான் ஒரு கீபோர்டு"ன்னு சொல்லித்தான் அறிமுகம் ஆகுது, அதனாலதான் டிரைவர் சிடி எதுவும் இல்லாமலே வேலை செய்யுது. டிவைஸ் மேனேஜர்ல கீபோர்டுங்கிற தலைப்புக்குக் கீழ பாருங்க, நீங்க ஒரே கீபோர்டு வச்சிருந்தும் ரெண்டு காட்டும்.

அடுத்தது முக்கியம். கீபோர்டு எழுத்தை அனுப்புறதே இல்ல. கழட்டிப் பாத்திருந்தா தெரியும், உள்ள ரெண்டு பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கும், அதுல கோடு கோடா மின்தடம் ஓடும், ஒண்ணுல வரிசை, ஒண்ணுல நெடுக்கு, கீயை அமுக்கினா அந்த இடத்துல ரெண்டும் தொடும், ஓரத்துல இருக்கிற சின்ன சிப் ஓயாம ஒவ்வொரு வரிசையா தட்டிப் பாத்துக்கிட்டே இருந்து எந்த இடம் ஒட்டுச்சோ அதுக்குன்னு ஒரு நம்பரை அனுப்பும். யுஎஸ்பி கீபோர்டு எல்லாத்துக்கும் இந்த நம்பர் பட்டியல் ஒண்ணுதான். ஜே கீயோட இடம் 13, கே 14, என்டர் 40. கீபோர்டு வீட்டு நம்பரை மட்டும்தான் சொல்லுது, அந்த வீட்ல யார் குடியிருக்காங்கன்னு முடிவு பண்றது விண்டோஸ். எந்த கீக்கு எந்த எழுத்துங்கிற அமைப்பைத்தான் லேஅவுட்னு சொல்றது, இங்கிலீஷ் லேஅவுட்ல 13 ஆம் நம்பர்ல ஜே இருக்கு, தமிழ் 99 க்கு மாத்துனா அதே 13 ல ப, 14 ல ம. ஸ்கேனர் ஸ்டிக்கரைப் படிச்சு ஜே, கே ன்னு சரியாப் புரிஞ்சுக்கிட்டு, கீபோர்டு வேஷம் போடணுமேன்னு 13, 14 ன்னு மாத்தி அனுப்புது, அந்த நேரத்துல தமிழ் 99 ஓடிக்கிட்டு இருந்தா விண்டோஸ் பம ன்னு போடுது. நம்பர் கீ மட்டும் ரெண்டு லேஅவுட்லயும் ஒண்ணு, அதனால 890 ஐட்டத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்ல.

ரீஸ்டார்ட் போட்டா சரியாகுறதுக்கும் காரணம் இதுதான். திரும்ப ஆன் ஆகும்போது முதல் மொழி இங்கிலீஷா வந்து நிக்குது. தங்கச்சி மத்தியானம் தமிழுக்கு மாத்திட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிருக்கும்.

கவுண்டர் அக்கா:
தம்பி நானும் ஜவுளிக்கடை கவுண்டர்லதான் இருக்கேன். எங்களுக்கு இதே மாதிரி ஆனா வேற, ஸ்டிக்கர்ல சின்ன எழுத்து இருக்கும், திரையில பெரிய எழுத்தா விழும், திடீர்னு தானா சரியாயிரும். அதுவும் இந்தக் கதைதானா?

பழைய கீபோர்டு:
அதேதான் அக்கா, கேப்ஸ் லாக். கீபோர்டுல கேப்ஸ் லாக் போட்டா விண்டோஸ் அதை எல்லா கீபோர்டுக்கும் சேர்த்துத்தான் எடுத்துக்கும், ஸ்கேனரும் அதுல அடக்கம். கேப்ஸ் லாக் லைட் எரியுதான்னு முதல்ல பாருங்க.

வயர்மேன்65:
நல்ல விளக்கம் தம்பி, ஒத்துக்குறேன். இருந்தாலும் ஸ்டிக்கரை வெயில்ல வைக்காதீங்கன்னு சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன் 😄

தேனி மளிகை:
புரிஞ்சுதுண்ணே, இப்பத்தான் தலைசுத்தல் நின்னுச்சு. இப்ப இதுக்கு என்ன பண்ணனும்? ஒவ்வொருதடவையும் மொழியை மாத்திப் பாத்துக்கிட்டே இருக்கணுமா? தங்கச்சிக்கிட்ட சொன்னா என் மேல எரிஞ்சு விழுது.

பழைய கீபோர்டு:
தங்கச்சி மேல தப்பில்ல. வழி நாலு இருக்கு, உங்களுக்கு எது ஒத்து வருதோ பாருங்க.

இன்னைக்கே செய்யக்கூடியது: செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ் போய், அங்க கீபோர்டோட அட்வான்ஸ்டு செட்டிங்கைத் தேடுங்க, ஒவ்வொரு ஆப் ஜன்னலுக்கும் தனித்தனி மொழி வைக்கிறதுக்கு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டா ஒரு ஜன்னல்ல தமிழ் ஓடுனாலும் இன்னொரு ஜன்னல் இங்கிலீஷ்லயே நிக்கும். ஆனா தங்கச்சி பேரை டைப் அடிக்கிறதும் அதே பில்லிங் சாப்ட்வேர் ஜன்னல்லன்னா இது உதவாது. அப்ப பேரை எல்லாம் எக்செல்ல அடிச்சு மொத்தமா ஏத்த முடியுமான்னு பாருங்க. அவசரத்துக்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அமுக்கினா மொழி மாறிக்கும், கீழ வலது மூலையில எது ஓடுதுன்னு காட்டும்.

ஸ்கேனர் மேனுவல்ல ஆல்ட் கீ முறை, இல்லாட்டி கீபேட் எமுலேஷன்னு ஒண்ணு இருக்கான்னு தேடுங்க. அதை ஆன் பண்ணா ஜே கீயை அமுக்கின மாதிரி அனுப்பாம, ஆல்ட்டை அமுக்கிக்கிட்டு நம்பர் பேட்ல அந்த எழுத்தோட கோட் நம்பரை அடிச்ச மாதிரி அனுப்பும், அப்ப லேஅவுட் எதுவா இருந்தாலும் ஜேதான் விழும். ஒரு எழுத்துக்கு நாலஞ்சு கீ அனுப்புறதால கொஞ்சம் மெதுவாகும், உங்க ஆறெழுத்துக்கு அது பெரிசா தெரியாது.

மூணாவது காம் போர்ட் முறை. கீபோர்டு வேஷத்தைக் கழட்டிட்டு எழுத்தையே நேரா சாப்ட்வேருக்குக் குடுக்கும். இதுதான் சுத்தமான வழி, ஆனா பில்லிங் சாப்ட்வேர் அதுக்கு ஒத்துழைக்கணும், சின்னக் கடைக்கு வர்ற சாப்ட்வேர் பலதுல அந்த வசதி இருக்காது.

என்னைக் கேட்டா நாலாவதுதான் செய்வேன், ஸ்டிக்கர்ல ஜேகேயைத் தூக்கிருங்க, வெறும் நம்பர் போதும். கோட் 128 ல நம்பரா மட்டும் இருந்தா ரெண்டு ரெண்டு இலக்கமா சேர்த்து அடைச்சிரும், எழுத்து இருந்தா ஒவ்வொண்ணுக்கும் தனி இடம் வேணும். அதனால நம்பர் ஸ்டிக்கர் நீளம் குறையும், அதே அகலத்துல கோட்டைக் கொஞ்சம் தடிமனா அடிக்கலாம், ஸ்கேனரும் சுளுவா எடுக்கும். இலக்கம் இரட்டைப்படையா இருக்கட்டும், ஆறு வைங்க.

கேபிள் தம்பி:
அப்ப கம்பெனி மாதிரியே 890 போட்டு 13 நம்பர் அடிச்சிரலாமே?

பழைய கீபோர்டு:
அய்யய்யோ வேண்டாம். 890 இந்தியாவுல பதிவு பண்ணின கம்பெனிகளுக்குக் குடுக்குற எண், நீங்களா ஒண்ணு கற்பனை பண்ணி அடிச்சா நாளைக்கே அது யாரோட எண்ணெய் பாக்கெட்டுக்கோ இருக்கும், பருப்பு பில்லுல எண்ணெய் ஏறும். 13 இலக்கம்தான் வேணும்னா 20 லருந்து 29 வரைக்கும் ஆரம்பிக்கிறதை கடைக்குள்ளேயே பயன்படுத்திக்கத்தான் ஒதுக்கி வச்சிருக்காங்க, எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டுற காய்கறிக்கெல்லாம் பெரிய கடைகள்ல அதுதான். ஆனா இவங்களுக்கு ஆறு இலக்கமே ஏராளம்.

தேனி மளிகை:
ஆறு இலக்கமே வச்சுக்குறேன். ஒட்டின பழைய பாக்கெட் விக்கிற வரைக்கும் அந்த ஆல்ட் முறை, மேனுவல்ல இருக்கு, ஸ்கேன் பண்ணிட்டேன், தமிழ் 99 ஓடும்போதும் இப்ப ஜேகேதான் விழுது, ரொம்ப நன்றிண்ணே.

இன்னொரு தலைவலி, கேட்டுர்றேன். இவ்வளவு கஷ்டப்பட்டு தமிழ்ல பேர் ஏத்தியாச்சு, திரையில அழகாத் தெரியுது, பில்லுல பாத்தா பருப்பு இருக்க வேண்டிய இடத்துல ஏழு கேள்விக்குறி. நாலெழுத்துக்கு ஏழு எப்படி வந்துச்சுன்னும் புரியல.

பழைய கீபோர்டு:
ஏழுதான் வரணும். நமக்குத்தான் ப, ரு, ப், பு ன்னு நாலு. கம்ப்யூட்டர் யூனிகோட்ல, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுத்திருக்கிற பட்டியல்ல, ப, ர, உகரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறின்னு ஏழா வச்சிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறியா வந்தா சாப்ட்வேர் அனுப்பும்போதே எழுத்தைத் தொலைச்சிருச்சுன்னு அர்த்தம், அதுவே கிறுக்குத்தனமா எழுத்துக்கு மூணு மூணு சின்னம் வந்தா அனுப்பினது சரி, பிரிண்டருக்குத்தான் தமிழ் தெரியலன்னு அர்த்தம்.

பில் பிரிண்டர்ல ரெண்டு விதமா அடிக்கலாம். வெறும் எழுத்துக் குறியை அனுப்பினா பிரிண்டர் தன்னோட சிப்ல இருக்கிற ஃபான்டை எடுத்து அடிக்கும், அதுல இங்கிலீஷ், நம்பர், இன்னும் சில மொழி இருக்கும், தமிழ் பெரும்பாலும் இருக்காது. இன்னொண்ணு விண்டோஸ் டிரைவர் வழியா, அப்ப விண்டோஸ் பில்லை ஒரு படமா வரைஞ்சு புள்ளி புள்ளியா அனுப்பும், பிரிண்டருக்கு எந்த மொழின்னே தெரிய வேண்டியதில்ல. உங்க 3 இஞ்ச் பிரிண்டர் தலையில வரிசையா 576 குட்டி சூட்டுப் புள்ளி இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கு 8, எந்தப் புள்ளி சூடாகுதோ அதுக்கு நேரா பேப்பர் கறுக்கும். இங்க்கும் இல்ல ரிப்பனும் இல்ல. நகத்தால பில் பேப்பரை அழுத்திக் கீறிப் பாருங்க, உரசுற சூட்டுலயே கறுப்புக் கோடு விழும்.

முதல்ல நோட்பேடுல பருப்புன்னு அடிச்சு அதே பிரிண்டருக்கு பிரிண்ட் குடுங்க. வந்துச்சுன்னா பிரிண்டர் நல்லாருக்கு, பில்லிங் சாப்ட்வேர்ல பிரிண்ட் முறையை டெக்ஸ்ட்லருந்து கிராபிக்ஸுக்கோ விண்டோஸ் பிரிண்டருக்கோ மாத்துங்க.

தேனி மளிகை:
நோட்பேடுல வந்துச்சு! செட்டிங்ல டாட் மேட்ரிக்ஸ் / டெக்ஸ்ட்னு கிடந்துச்சு, கிராபிக்ஸுக்கு மாத்தினதும் பில்லுலயும் துவரம்பருப்பு புள்ளியோட வந்துருச்சு. ஆனா முன்னாடி படக்குனு அடிக்கும், இப்ப கொஞ்சம் யோசிச்சுட்டு அடிக்குது, பில்லும் நீளமாயிருச்சு.

கவுண்டர் அக்கா:
ஃபான்ட் சைஸைக் கொஞ்சம் குறைச்சு வரி இடைவெளியையும் குறைங்க தம்பி, பேப்பர் மிச்சமாகும். நாங்க ஐட்டம் பேர் மட்டும் தமிழ்ல வச்சுட்டு தலைப்பு, ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் இங்கிலீஷ்லயே விட்டுட்டோம்.

வயர்மேன்65:
ரோல் மாத்தும்போது திருப்பிப் போட்டுறாதீங்க, ஒரு பக்கம்தான் பூச்சு இருக்கும், வெள்ளையா வெறும் பேப்பர் வந்தா உடனே பிரிண்டர் போச்சுன்னு இங்க வந்து இன்னொரு கேள்வி போடுவீங்க.