கலைச்சொல்: ‘உடற்பயிற்சிச் சகிப்புத்தன்மை’ வேண்டாம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் நோய்ச் சொற்பட்டியலில் ‘exercise tolerance’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘உடற்பயிற்சிச் சகிப்புத்தன்மை’ என்று போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சகிப்புத்தன்மை என்றதும் திருகோணமலையில் எவருக்கும் இன, மத நல்லிணக்கம்தான் நினைவுக்கு வரும். மூன்று சமூகத்தவரும் அருகருகே வாழும் ஊர் இது. அந்தச் சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே பெரிய வேலை இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

‘உடற்பயிற்சி’யும் பொருந்தாது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்குக் கிணற்றில் நாலு வாளி அள்ளினாலே இளைக்கிறது, குளித்துத் தலை துவட்டினாலே இளைக்கிறது. “முன்பெல்லாம் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை நிற்காமல் ஏறுவேன், இப்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது” என்று சொல்பவர் பயிற்சியைப் பற்றியா பேசுகிறார்? உடலுக்கு வேலை கொடுத்தால் அது எந்த எல்லை வரை தாங்கும் என்பதுதான் நாம் பெயரிட வேண்டிய பொருள்.

இதற்குத் தனிச்சொல் எதற்கு, ‘நுரையீரல் செயற்றிறன்’ போதாதா என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். போதாது, ஐயா. லண்டன் மருத்துவர் ஜோன் ஹட்சின்சன் 1846இல் சுவாசமானியைப் பற்றி எழுதிய காலம் முதல், அந்தக் கருவி அளப்பது ஊதும் காற்றைத்தான். மூக்கில் கவ்வி மாட்டி, ஆழ இழுத்து, இனி ஊதக் காற்றில்லை என்னும் வரை விசையோடு ஊத வேண்டும். முதற்செக்கனில் வெளியேறிய கனவளவை, ஊதிய மொத்தக் கனவளவால் வகுக்கிறோம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னும் அந்த விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று கொள்கிறார்கள். இவ்வளவும் நாற்காலியில் இருந்தபடியே நடப்பது.

ஆறு நிமிட நடைச் சோதனை வேறு. 30 மீற்றர் சமதரை, இரு முனையிலும் அடையாளக் கூம்பு. வேகம் நடப்பவரின் விருப்பம். நின்று இளைப்பாறலாம், ஆனால் மணிக்கூடு நிற்காது. நோயாளருக்கு இந்தச் சோதனைகளை விளக்குவது என் அன்றாட வேலை. கரைவலை இழுத்தே வாழ்ந்த ஒருவருக்கு முதற்செக்கன் அளவு எதிர்பார்ப்பதில் பாதிகூட இல்லை. அவர் ஆறு நிமிடமும் நிற்காமல் நடந்து முடித்தார். தம்பலகாமத்திலிருந்து வந்த ஓர் அம்மா, விறகடுப்புப் புகையில் காலம் கழித்தவர். சுவாசமானியில் அவருக்கு அந்தக் கரைவலைக்காரரைவிட நல்ல எண். ஆனால் மூன்றாம் நிமிடத்திலேயே சுவரில் கையூன்றி, தோள்கள் ஏறி இறங்க, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு நின்றுவிட்டார்.

காரணம் உண்டு. வேகமாக மூச்சுவிடும்போது, உள்ளே போன காற்று முழுதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. காற்று உள்ளே தேங்கி, புதிதாக இழுக்க இடம் குறைகிறது. நடமாட்டம் குறைந்தவருக்குத் தொடைத்தசையும் மெலிந்துபோகிறது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பின் நடைதூரம் கூடினாலும் சுவாசமானி எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அவர் அடைந்த முன்னேற்றம் அறிக்கையில் தெரியாமலே போய்விடும். இந்த நோயின் கடுமையை மதிப்பிட 2004இல் வந்த போட் (BODE) சுட்டெண்ணும் சுவாசமானி காட்டும் மூச்சுக்குழாய் அடைப்பை ஒரு கூறாகவும் நடைதூரத்தை இன்னொரு கூறாகவும்தான் எடுக்கிறது.

இனிச் சொல். ‘உழைப்புத்திறன்’ நல்ல தமிழ்தான். ஆனால் ஈழத்து வழக்கில் உழைப்பு என்றால் சம்பாத்தியம். ‘உங்கள் உழைப்புத்திறன் குறைந்திருக்கிறது’ என்று கேட்கும் மீனவர் தம் வருமானத்தைப் பற்றிய பேச்சென்றே எடுப்பார். குறளை நினைத்து ‘மெய்வருத்தம்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அழகான சொல், ஆனால் வருத்தம் என்பது எங்களுக்கு நோய். ‘உடல்’ முன்னே சேர்ந்தால் குழப்பம் தீர்கிறது. உடலுழைப்பு என்றால் இரு கரையிலும் பொருள் ஒன்றுதான். ஆகவே என் பரிந்துரை ‘உடலுழைப்புத் தாங்குதிறன்’. சற்று நீளம்தான், ஆனால் கேட்டவுடன் விளங்கும். ‘உடலுழைப்புத் தாங்குதிறன் கூடியிருக்கிறது’ என்று வாக்கியத்திலும் இயல்பாக உட்காரும்.

தாங்குதிறன், மாறாத சுமையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்பதோடு கலந்துவிடும் என்று யாழ்ப்பாண நண்பர் அஞ்சுகிறார். நியாயமான அச்சம். நேரத்தை அளக்கும் அந்தச் சோதனைக்கு ‘நீடிப்புத்திறன்’ என்று தனியே வைத்துவிடலாம். இதைவிடக் குறுகிய, பிழைபடாத சொல் யாரிடமாவது இருந்தால் உடனே எழுதுங்கள். நோயாளர் கையேடு அச்சுக்குப் போகுமுன் முடிவெடுக்க வேண்டும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து