டிகாக்‌ஷன் இறங்கவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வீட்டுல ரெண்டு பேர், ஒரு நாளைக்கு நாலு டம்ளர் பில்டர் காபி. இதுவரை பீபெரி, பிளாண்டேஷன் ஏ-ன்னு ரெண்டு வகை காபிக்கொட்டையும் சரிபாதி, சிக்கரி 20 சதவீதம். விலை ஏறினதும் பிளாண்டேஷனுக்குப் பதிலா ரோபஸ்டா கொட்டை போட்டு, சிக்கரியை 40 ஆக்கினேன். அங்கதான் வம்பு. ராத்திரி ஊத்தின வெந்நீர் காலைலயும் மேல் டப்பாவுல அப்படியே நிக்குது. தட்டினா ஒரு சொட்டு! சிக்கரி ஊறி அடைச்சுக்குது போல. பில்டரை அடுப்புல சுட்டாச்சு, பொடி மேல வைக்கிற குடையை அழுத்தாமலும் பார்த்தாச்சு.

சிக்கரியை 30-ல நிறுத்தினா போதுமா? கொஞ்சம் கொரகொரப்பா அரைக்கச் சொன்னா டிகாக்‌ஷன் தண்ணியாயிடுமா? ரோபஸ்டா எவ்வளவு வரைக்கும் கசப்பு தெரியாது? மாமியார், "பேசாம கொதிக்கவெச்சு துணியில வடிகட்டு"ங்கறாங்க. யாராவது அப்படிப் போடுறீங்களா? இன்ஸ்டன்ட் வாங்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க.